கண்சிமிட்டிய கருவி

கோவை பீளமேட்டில் ஒரு மாடியறை. அங்கே குருவுக்கு வயது முப்பத்தொன்று, சீடருக்கு ஐம்பத்திரண்டு. குரு சுபாஷிணி, மின்னணுச் சில்லுகளுக்கு (சிப்) நிரல் எழுதக் கற்றுக்கொடுப்பவர். சீடர் மருதாசலம், பம்ப்செட் விற்றுத் தலை நரைத்த பிறகு, தடுப்பூசிக் குளிர்பெட்டிகளைக் கண்காணிக்கும் கருவி செய்யக் கம்பெனி தொடங்கியவர். ஆசை யாரை விட்டது.

அன்று அவர் முகத்தில் ஈயாடவில்லை. மலையில் ஒரு சுகாதார நிலையத்தில் சோதனைக்கு வைத்த கருவி, இரண்டு நாளாக, இருக்க வேண்டிய நாலு டிகிரி என்றே காட்டியிருக்கிறது. பச்சை விளக்கும் ஒழுங்காகக் கண்சிமிட்டியிருக்கிறது. மருந்துக் குப்பி வெதுவெதுப்பாக இருப்பதை நர்ஸின் கைதான் கண்டுபிடித்தது. ஒரு குழந்தைக்கும் அதைப் போடவில்லை, தெய்வச் செயல். அடுத்த வாரம் இன்னும் முப்பது கருவிகள் மலையேற வேண்டும்.

"வாட்ச்டாக் வெச்சிருந்தனுங்க டீச்சர். அது ஏனுங்க எழுப்பி விடல?"

வாட்ச்டாக் என்பது சில்லுக்குள்ளேயே குடியிருக்கும் காவல். இரண்டு விநாடிக்குள் ஒருமுறை நிரல் அதனிடம் 'இருக்கிறேன்' என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் சில்லை நிறுத்தி முதலிலிருந்து ஓட வைத்துவிடும்.

சுபாஷிணி மேசைமேல் இருந்த கருவியிலிருந்து, வெப்பம் அளக்கும் சென்சாரின் வயரைப் பிடுங்கினார். திரையில் அறையின் வெப்பம், இருபத்தொன்பது டிகிரி, அப்படியே நின்றது. விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது. ஒரு நிமிடம் போயிற்று.

"இப்ப காவல்கிட்ட 'இருக்கேன்'னு சொல்றது யாருங்க?"

மருதாசலம் நிரலில் தேடிக் காட்டினார். ஒரு டைமர். விநாடிக்கு ஒருதரம் விளக்கைச் சிமிட்டிவிட்டு, காவலிடமும் சொல்லிவிட்டுப் போகும். சென்சார் பதில் தரவில்லையென்று மற்ற வேலையெல்லாம் வாயைப் பிளந்து நின்றாலும் அதற்குக் கவலையில்லை. அந்த வரியை எழுதிய அன்று, இதே அறையில், மனுஷர் மார்தட்டிக்கொண்டார்.

சுபாஷிணி அந்த வரியை அங்கிருந்து எடுத்தார். அளந்து, சரிபார்த்து, காட்டி முடித்த பிறகு வரும் கடைசி இடத்தில் எழுதினார். நிரலை ஏற்றி, மறுபடி வயரைப் பிடுங்கினார்.

திரை இருண்டது. கீச்சென்று ஓர் ஒலி. வெளிச்சம் வந்தது. இரண்டு விநாடியில் மறுபடி இருண்டது.

மருதாசலத்துக்கு மயிர்க்கூச்செறிந்தது. அரிசிமணி அளவுகூட இல்லாத காவல், தான் குடியிருக்கும் வீட்டையே இடித்துப் போட்டு எழுப்புகிறது. எழும் நிரலுக்குச் செத்தது நினைவில்லை. சலிக்காமல் முதல் வரியிலிருந்து தொடங்குகிறது. இதையா இத்தனை மாதம் கைப்பையில் போட்டுக்கொண்டு திரிந்தோம் என்று பயமாகக்கூட இருந்தது.

"இப்படிச் செத்துச் செத்துப் பொழைக்குதுங்களே. முன்னாடி ஒருக்காகூடச் சாகலீங்களே, டீச்சர்?"

சுபாஷிணி வயரை மாட்டினார்.

"முன்னாடி அது உயிரோட இருந்துச்சுங்களாண்ணா?"