பட்டுத் துணிக்குள் இருந்த வாகனம்

நட்சத்திரங்கள் இன்னும் கொஞ்சம் தாழ்வாகவே இருந்த காலம் அது. மனசு வந்தால் மிருகங்கள்கூட மனிதரோடு பேசும். அந்தக் காலத்திலே வாகையூர் என்று ஒரு பட்டணம். அதை ஆண்ட ராஜாவின் பெயர் மகரகேது.

அந்தப் பட்டணத்தில் பவளாயி என்று ஒருத்தி இருந்தாள். ஓர் ஊர்ச் செய்தியை இன்னோர் ஊருக்கு ஓடிக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அவள் வேலை. சேலையை இழுத்துச் செருகி, சலங்கை கட்டிய கோலைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவள் ஓடினால், காட்டில் புலிகூட ஒதுங்கி வழிவிடும் என்பார்கள். அவள் புருஷன் சடையாண்டி மாட்டுவண்டி ஓட்டுகிறவன். வாய் கொஞ்சம் நீளம், மனசு தங்கம்.

ஒருநாள் காலை கிழக்கு வாசலுக்கு வெளியே ஒரு மந்திரவாதி வந்து இறங்கினான். பெயர் உத்தண்டன். கழுதைமேல் எதையோ ஏற்றிக் கொண்டுவந்திருந்தான். கன்றுக்குட்டி அளவு இருக்கும். மேலே ஊதாப் பட்டுத் துணி போட்டு மூடியிருந்தது. அதை மைதானத்தில் இறக்கிவைத்துச் சங்கு ஊதினான். ஊரே கூடிவிட்டது.

"வாகையூர் மக்களே! இந்தத் துணிக்குள் ஒரு வாகனம் இருக்கிறது. மாடு வேண்டாம், குதிரை வேண்டாம். ஆளுக்கு ஒன்று! இது வந்தபிறகு உலகத்தில் யாரும் நடக்கப்போவதில்லை. உங்கள் தெருக்களை எல்லாம் நீங்களே இடித்துப் புதிதாகக் கட்டப்போகிறீர்கள்!"

"அப்படி என்ன வாகனம் அது?" என்று கூட்டம் கேட்டது.

"பார்க்கக் கூடாது. தொடக் கூடாது. ஆனால் யூகிக்கலாம்! அறுவடைத் திருநாள் அன்று துணியை விலக்குவேன்."

பக்கத்தில் நின்ற பூக்காரி பவளாயியின் இடுப்பில் இடித்தாள். "உன் பொழைப்பு போச்சு பவளாயி! அது என்னவா இருக்கும்னு நீ நினைக்கிறே?"

"எனக்குத் தெரியாதுக்கா. பார்த்தால்தான் தெரியும்" என்றாள் பவளாயி. அன்றைக்கு அவள் ராஜாவின் செய்தியோடு மலைநாட்டுக்குப் புறப்பட வேண்டியிருந்தது. கோலை எடுத்தாள், ஓடினாள்.

அவள் போனபிறகு ஊர் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

காய்கறிச் சந்தையில் ஒருவர், "அது பறக்கும் பாதுகை. காலில் மாட்டினால் போதும், கூரைக்குக் கூரை தாண்டலாம்" என்றார். எண்ணெய்ச் செட்டியார், "பாதுகையாவது, மண்ணாவது! அது ஒற்றைச் சக்கரம். அதன் நடுவில் உட்கார்ந்து உருள வேண்டும்" என்றார். அரண்மனைப் புலவர், "மேகத்துக்கு மூக்கணாங்கயிறு போட்டிருக்கிறான்" என்று பாட்டே கட்டிவிட்டார். சடையாண்டி சந்தை நடுவில் வண்டிமேல் ஏறி நின்று, "சிறகு! அது ரெண்டு சிறகு! தோளில் கட்டிக்கிட்டுப் பறக்கப்போறோம்!" என்று அடித்துப் பேசினான். அன்று சாயங்காலமே மாடுகளை அவிழ்த்துவிட்டான். சிறகு வரும்போது மாடு எதற்கு?

பார்க்கக் கூடாது, தொடக் கூடாது, ஆனால் யூகிக்கலாம்! ஊரில் சிறகுக் கட்சி, சக்கரக் கட்சி என்று இரண்டு கட்சி உண்டானது. சம்பந்தம் பேசப் போன வீட்டில், "நீங்கள் சிறகா, சக்கரமா?" என்றுதான் முதலில் கேட்டார்கள்.

ராஜா மட்டும் சும்மா இருப்பாரா? "அது மிதக்கும் தாமரை ஆசனம். நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்று நாடு முழுக்கப் பறை அறைவித்தார். தாமரை ஆசனங்கள் மிதந்து போக அகலமான வீதி வேண்டுமே! குயவர் தெருவை இடிக்கச் சொன்னார். வீடுகள் போயின. பானை சுடும் சூளைகளும் போயின. இன்னும் யாரும் கண்ணால் காணாத வாகனத்துக்கு இப்படி ஒரு வீதி தயாரானது.

பவளாயி மலைநாட்டிலிருந்து திரும்பி வந்தாள். சாலையில் ஒரு வண்டி இல்லை, ஓர் ஆள் இல்லை. கிழக்கு வாசல் காவலாளி உட்கார்ந்தபடியே, "கதவை நீயே தள்ளிக்கிட்டு வாக்கா" என்றான். உள்ளே போனால் வாசலுக்கு வாசல் ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள். உட்கார்ந்தே பேசினார்கள், உட்கார்ந்தே சண்டை போட்டார்கள். ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை.

வீட்டில் சடையாண்டி கட்டிலில் கிடந்தான்.

"மாடு எங்கேங்க?"

"மாடு எதுக்கு புள்ள? திருநாளுக்குச் சிறகு வரப்போகுது!"

"அது வரும்போது வரட்டும். நீங்க எழுந்து நில்லுங்க பார்ப்போம்."

சடையாண்டி சிரித்துக்கொண்டே காலைக் கீழே வைத்தான். ஈரத்துணி விழுவதுபோல் கால்கள் துவண்டு விழுந்தன. மறுபடி முயன்றான். மறுபடி விழுந்தான். மூன்றாவது முறை விழுந்தபோது அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

"பவளாயி, என் காலுக்கு என்னாச்சு? எனக்கு ஏன் இதுவரைக்கும் தெரியலே?"

அவனைத் தூக்கி உட்காரவைத்தாள். தண்ணீர் கொடுத்தாள். கோலை எடுத்து நேரே மைதானத்துக்கு நடந்தாள்.

மைதானத்தில் நுழைந்ததும், கன்றுக்குட்டி அளவு இருந்த அந்த மூட்டை யானை அளவுக்கு வளர்ந்திருப்பது கண்ணில் பட்டது. ஊதாப் பட்டு மூச்சு விடுவதுபோல ஏறி ஏறி இறங்கியது. பக்கத்தில் உயரமான ஆசனத்தில், கால் தரையில் படாமல் உட்கார்ந்திருந்தான் உத்தண்டன்.

"வா பெண்ணே. இந்த ஊரில் யூகம் சொல்லாதவர்கள் ரெண்டே பேர். ஒருத்தி வீடு இடிந்துபோன குயத்தி. இன்னொருத்தி நீ. இதற்குள் என்ன இருக்கிறது? சொல், பொன் சிலம்பு தருகிறேன்."

"எனக்குத் தெரியாது. பார்த்தால்தான் தெரியும்."

"யூகித்துச் சொல். ஐம்பத்தாறு தேசத்து அஞ்சலுக்கும் உன்னை ராணி ஆக்குகிறேன்."

"எனக்குத் தெரியாது. பார்த்தால்தான் தெரியும்."

உத்தண்டன் குனிந்து மெல்லிய குரலில் சொன்னான்: "ஒரே ஒரு யூகம். பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை. உன் புருஷன் காலைத் திருப்பித் தருகிறேன்."

பவளாயி கட்டிலில் கிடக்கும் புருஷனை நினைத்தாள். சிறகு என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்? நுனிநாக்குவரை வந்துவிட்டது அந்த வார்த்தை. பட்டுத் துணி அவள் பக்கமாக நீண்டு, வாயைத் திறந்துகொண்டு காத்திருப்பதுபோல் இருந்தது. அதைப் பார்த்ததும் அவள் பல்லைக் கடித்தாள்.

"எனக்குத் தெரியாது!"

மூன்றாவது முறை அவள் சொன்னதும் பட்டு சுருக்கென்று பின்வாங்கியது. உத்தண்டன் முகம் வெளுத்தது. "போ இங்கிருந்து!" என்று கத்தினான்.

மைதானத்து ஓரத்தில் அவனுடைய கழுதை நாக்கு வறண்டு படுத்திருந்தது. ஊரில் யாரும் நடக்காததால் அதற்குத் தண்ணீர் காட்டவும் ஆள் இல்லை. பவளாயி கிணற்றில் இறைத்துக் கொண்டுவந்து வைத்தாள். கழுதை வயிறு நிறையக் குடித்துவிட்டு வாயைத் திறந்தது.

"தாயி, நீ நல்லா இருக்கணும். ஒரு விஷயம் சொல்றேன் கேள். அந்தத் துணிக்குள்ள ஒரு மரச்சட்டம்தான் இருக்கு. வாகனமும் இல்லை, ஒண்ணும் இல்லை. யாராவது ஒரு யூகத்தை நிச்சயம்னு அடிச்சுச் சொன்னா, அவங்க கால்பலம் கொஞ்சம் கொஞ்சமா அதுக்குள்ள போயிடும். திருநாள் அன்னைக்கு என் எஜமான் அதுமேல ஏறி உட்காருவான். ஊர்க்காலெல்லாம் சேர்ந்து அவனைச் சுமந்துக்கிட்டுக் கடலுக்கு அந்தப்பக்கம் போயிடும். அப்புறம் யாருக்கும் கால் திரும்பாது."

"இதைத் தடுக்க வழியே இல்லையா?"

"யார் சொன்னாங்களோ அவங்களே வாய்விட்டு, 'எனக்குத் தெரியாது'ன்னு சொல்லணும். முன்னே எவ்வளவு சத்தமா சொன்னாங்களோ அவ்வளவு சத்தமா சொல்லணும். எத்தனையோ ஊர் பார்த்துட்டேன் தாயி. ஒரு ஊர்க்காரனும் சொன்னதில்லை."

"இந்த ஊர் சொல்லும். நான் சொல்லவைக்கிறேன்" என்றாள் பவளாயி. சலங்கை குலுங்க ஓடினாள்.

முதலில் தன் வீட்டுக்குத்தான் வந்தாள். "தெரியாதுன்னு சொல்லுங்க!"

"அது எப்படி புள்ள? சந்தை நடுவில் நின்னு சிறகுன்னு சொன்னவன் நான். ஊரே கைகொட்டிச் சிரிக்குமே!"

"சிரிக்கட்டுமே. எழுந்து நிக்க ஊர்ல ஒருத்தருக்கும் கால் இல்லை. உட்கார்ந்த இடத்துல இருந்துதானே சிரிப்பாங்க?"

அவனை முதுகில் சுமந்துகொண்டு சந்தைக்குப் போனாள். அதே வண்டிமேல் ஏற்றி உட்காரவைத்தாள். சடையாண்டி ஊரைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான். கண்ணை மூடிக்கொண்டு கத்தினான்: "கேளுங்கய்யா! அது சிறகோ என்னவோ, எனக்குத் தெரியாது!"

கால் கட்டைவிரல் அசைந்தது. முழங்கால் மடங்கியது. சடையாண்டி எழுந்து நின்றான். சிரிக்க வாயெடுத்தவர்கள் அப்படியே நிறுத்திவிட்டார்கள். மைதானத்து மூட்டை ஒரு பிடி இளைத்தது.

அதன்பிறகு வீடு வீடாக ஓடினார்கள். வீடு இழந்த குயத்தி வள்ளிமயிலும் சேர்ந்துகொண்டாள். பூக்காரி உடனே சொன்னாள். காவலாளி வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னான். எண்ணெய்ச் செட்டியார், "சக்கரக் கட்சித் தலைவன் நான், எப்படிச் சொல்வேன்?" என்று அடம்பிடித்தார். அவரைப் பார்த்துத் தானும் சக்கரம் என்று கத்திய அவர் பேத்தி தவழ்ந்து தவழ்ந்து வாசலைத் தாண்ட முயன்று முடியாமல் அழுவதைப் பார்த்ததும் குரல் உடைந்து சொல்லிவிட்டார். தெருவுக்குத் தெரு, "எனக்குத் தெரியாது! எனக்குத் தெரியாது!" என்று சத்தம் எழுந்தது. ஜனங்கள் எழுந்து நின்று ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நடந்தார்கள்.

பாக்கி இருந்தது ராஜா ஒருவர்தான்.

அறுவடைத் திருநாள் காலை. மைதானத்துப் பந்தலில் ராஜாவைச் சிம்மாசனத்தோடு தூக்கிவந்து வைத்திருந்தார்கள். யானை அளவு இருந்த மூட்டை இப்போது காளை அளவுக்கு இளைத்திருந்தது. நாடு முழுக்கப் பறையறைந்து சொன்ன யூகம் அல்லவா, ராஜாவுடைய பலம் ஒன்றே அவ்வளவு கனத்தது. மக்கள் தங்கள் காலால் நடந்துவருவதைக் கண்ட உத்தண்டன் பட்டின்மேல் தாவி ஏறினான்.

"எனக்கு இதுவே போதும்! கிளம்பு!"

பட்டுக்குள்ளிருந்து தூண்போல இரண்டு கால்கள் முளைத்தன. நிலம் அதிர அது எழுந்து நின்றது.

பவளாயி ஓடிப்போய் அதன் முன்னே நின்றாள். கோலைத் தரையில் ஊன்றினாள். "மகாராஜா! தெரியாது என்று சொல்லுங்கள்!"

மந்திரி ராஜாவின் காதில், "பிரபு, ராஜா தெரியாது என்று சொல்லலாமா? மானம் என்ன ஆவது?" என்றார்.

வள்ளிமயில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "மகாராஜா, எங்க வீட்டையும் சூளையையும் எந்த வாகனத்துக்காக இடிச்சீங்க? அதை நீங்க பார்த்தீங்களா?"

"அது... தாமரை..." என்றார் ராஜா. மூட்டை ஒரு சாண் பெருத்தது. எல்லாரும் பார்த்தார்கள். ராஜாவும் பார்த்தார்.

அந்தப் பெரிய கால் பவளாயியின் தலைக்குமேல் உயர்ந்தது. சடையாண்டி அலறிக்கொண்டு ஓடிவந்தான். அவள் நகரவில்லை.

"மகாராஜா, இது உங்கள் கால். இது என்மேல் ஏறித்தான் போக வேண்டும். நீங்கள் சொல்லும்வரை நான் இந்த இடத்தைவிட்டு அசைய மாட்டேன்!"

ராஜா மந்திரியைப் பிடித்துத் தள்ளினார். பக்கத்தில் இருந்த பறையைத் தாமே இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, கை சிவக்க அறைந்தார். "மக்களே! அது என்ன என்று எனக்குத் தெரியாது! தெரியாமலே சொன்னேன்! தெரியாமலே ஒரு தெருவை இடித்தேன்!"

காற்றுப் போன துருத்திபோல் அந்த மூட்டை சரிந்தது. பட்டு பறந்துபோய் வேலியில் மாட்டிக்கொண்டது. உள்ளே இருந்தது நாலு மரக்கட்டை. அதன்மேல் குப்புற விழுந்துகிடந்தான் உத்தண்டன். எழுந்து ஓடப் பார்த்தான். வருஷக்கணக்காக மற்றவர் கால்களில் சவாரி போனவனுக்குத் தன் கால் எங்கே நிற்கும்? தவழ்ந்தான், விழுந்தான், மறுபடி தவழ்ந்தான். யாரும் அவனை அடிக்கவில்லை. "நடந்தே போ" என்று மேற்குச் சாலையைக் காட்டிவிட்டார்கள். கழுதை அவனோடு போக மறுத்துவிட்டது.

சடையாண்டி பவளாயியின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"என்ன வேண்டும் கேள் பவளாயி" என்றார் ராஜா.

"குயவர் தெரு பழையபடி எழும்பணும் மகாராஜா. அதுக்கு நீங்க மண் மிதிக்கணும்."

ராஜா மிதித்தார். முழங்கால் அளவு சேற்றில் நின்று, வள்ளிமயில் அதட்ட அதட்ட மிதித்தார். வீடுகள் எழும்பின, சூளைகள் புகைந்தன. நாட்டுச் சாலைகளுக்கெல்லாம் பவளாயியையே தலைவி ஆக்கினார். அவள் வழிநெடுகப் புங்கமரம் வைத்தாள், ஓடிவருகிறவர்கள் இளைப்பாற மண்டபம் கட்டினாள். ஊரைச் சுற்றி மேய்ந்துகொண்டிருந்த மாடுகளைத் தேடிப்பிடித்துச் சடையாண்டி மறுபடி வண்டி பூட்டினான்.

புதுச் சூளையில் ராஜா தம் கையால் ஒரு பானையும் செய்தார். ஒரு பக்கம் கோணல், அடியில் லேசாக ஒழுகும். "இதை யாரும் வாங்க மாட்டாங்க மகாராஜா" என்றாள் வள்ளிமயில். அதனால் அரண்மனை வாசலில் வழிப்போக்கர்களுக்குத் தண்ணீர்ப்பானையாக வைத்துக்கொண்டார். அது ஒழுக ஒழுக, ராஜா காலையிலும் மாலையிலும் கிணற்றடிக்குத் தாமே நடந்துபோய், குடத்தில் சுமந்துவந்து நிரப்பினார். அந்தத் தண்ணீரைக் குடித்தவர்கள் களைப்பாறினார்கள், வாகையூர் செழித்தது. இவ்வளவு நேரம் கேட்டிருந்த உங்கள் வீட்டிலும் எல்லாரும் சுகமாக இருக்கட்டும்.