பந்தி மணி

"பன்னிரண்டு வருஷம் அம்மா! சொன்ன வேலையில ஒண்ணையாவது தட்டியிருக்கேனா?"

தணிகாசலம் கேட்டதில் பொய் இல்லை. அவரைக் குறை சொன்னால் நாக்கு அழுகிப் போகும். மடத்து அன்னதானத்தில் அவர் சாம்பார் வாளி தூக்கினால் இலைக்கு வெளியே ஒரு சொட்டு சிந்தாது.

ஆனால் மடைப்பள்ளிப் பொறுப்பும் சாவியும் அன்று காலை செங்கமலத்திடம் போய்விட்டன. வந்து இரண்டே வருஷம் ஆன பெண். எச்சில் இலை எடுக்கிறவள்.

"இலை எடுத்தவ சொல்லி நான் வாளி தூக்கணுமா? வயிறு எரியுது அம்மா."

மடத்துத் தலைவி மரகதம் அவரைவிடப் பத்து வயது இளையவர். பேச்சில் மகா கஞ்சம்.

"சாப்பிட்டீங்களா?" என்றார்.

"பரிமாறுறவன் என்னைக்கு அம்மா பந்தியில உட்கார்ந்தான்? எல்லாம் முடிஞ்ச பிறகு அடுக்களையில நின்னுக்கிட்டே ரெண்டு வாய்."

"இன்னைக்குப் பந்தியில உட்காருங்க. கடைசி இலையில."

அந்தப் பந்திக்கு ஒரு வழக்கம் உண்டு. முதல் இலைக்காரர் மோர்சாதம் முடித்ததும் தலைவி கைமணி அடிப்பார். அடித்தால் எல்லாரும் எழுந்துவிட வேண்டும். அடுத்த பந்தி வாசலில் நிற்கிறதே!

தணிகாசலம் தூண் மறைவில், கோடியில் உட்கார்ந்தார். பக்கத்து இலையில் மடிக்குழந்தையோடு ஒரு பெண்.

'பந்திக்கு முந்துன்னு சும்மாவா சொன்னாங்க' என்று முணுமுணுத்தார். இங்கே சோறு வர எப்படியும் நேரமாகும்.

ஆகவில்லை. ஆவி பறக்க இலையில் சோறு விழுந்தது. செங்கமலம்! இன்னொரு வாளியோடு இந்தக் கோடியிலிருந்தும் ஆரம்பித்திருந்தாள்.

"இங்கேயிருந்து பரிமாறச் சொன்னது யாரு?"

"யாரும் சொல்லலை அண்ணே. இந்தக் கோடி இலையில மட்டும் தினம் சோறு மிச்சம் கெடக்கும். பசியோட வர்றவங்க ஏன் மிச்சம் வைக்கிறாங்கன்னு நின்னு பார்த்தேன். இவங்க பாதி சாப்பிடுறதுக்குள்ள மணி அடிச்சிருது. போன வாரம் அம்மாகிட்ட போய்ச் சொன்னேன். இன்னைக்குச் சாவி கைக்கு வந்துச்சு, வாளியை எடுத்துட்டேன்."

சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போய்விட்டாள்.

பன்னிரண்டு வருஷம் இதே இலைகளில் சாம்பார் ஊற்றிய கை, வாய்க்குப் போகாமல் நின்றது. அடேயப்பா, என்ன கண்ணு இந்தப் பொண்ணுக்கு! தணிகாசலத்துக்கு வெட்கமாக இருந்தது.

சாம்பார் வந்தது. ரசம் வந்தது. மோரும் வந்தது.

பக்கத்தில் குழந்தை வீறிட்டது. அந்தப் பெண் ஒரு கையால் அதைத் தட்டிக்கொடுத்தாள். அவள் இலையில் சோறு பாதிக்கு மேல் அப்படியே இருந்தது.

தணிகாசலம் எட்டிப் பார்த்தார். அந்தக் கோடியில் முதல் இலைக்காரர் இலையை மடித்தார். மரகதம் மணியைத் தூக்கினார். தூண் மறைப்பதால் இந்தப் பெண் அவர் கண்ணில் பட மாட்டாள்.

"அம்மா! அடிக்காதீங்க!"

பந்தி முழுக்கத் திரும்பியது. தலைவியின் மணியை அந்த மடத்தில் அதுவரை யாரும் தடுத்ததில்லை.

மரகதம் மணியோடு நடந்து வந்தார்.

"யார் சொல்லித் தடுத்தீங்க?"

"யாரும் சொல்லலை அம்மா. இவங்க இன்னும் சாப்பிட்டு முடிக்கலை."

மரகதம் மணியைத் தணிகாசலத்தின் இலையோரம் வைத்துவிட்டுப் போனார்.