கணக்கில் இல்லாத இரண்டு அதிரசம்

முன்னொரு காலத்தில், ராஜாக்களுக்கும் பள்ளிக்கூட ஞாபகம் வந்து மனசைப் பிசைந்த காலத்தில், செண்பகராயர் என்றொரு ராஜா இருந்தார். ஒரு விஜயதசமியன்று கூடப் படித்தவர்களையெல்லாம் சபைக்கு வரவழைத்தார். அத்தனை பேரும் இப்போது அரண்மனை உத்தியோகஸ்தர்கள். எப்படி ஆனார்கள் என்று கேட்காதீர்கள். மணலைப் பரப்பி எல்லோரையும் சம்மணமிட்டு உட்கார வைத்தார்.

"அந்த நாள் போல நான் முன்னால் சொல்கிறேன், நீங்கள் பின்னால் சொல்லுங்கள். ஏழாம் வாய்பாடு" என்றார்.

நரைத்த தலைகள் ஆடி ஆடி ஒப்பித்தன. ராஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஏழேழு தாண்டியதும், "ஏழெட்டு ஐம்பத்துநாலு" என்றார்.

"ஏழெட்டு ஐம்பத்துநாலு" என்றது சபை. அரசவை விகடன் கூத்தையன் மட்டும் வாய் திறக்கவில்லை.

பிரதானி அம்பலவாணருக்கு இது போதாதா? கூத்தையன் மேல் அவருக்கு நெடுநாள் வயிற்றெரிச்சல். "மகாராஜா, தங்கள் வாக்கை இவன் திருப்பிச் சொல்லவில்லை. இது அவமதிப்பு" என்றார்.

ஆசையாய் ஏற்பாடு செய்த நாள் கெட்டுப்போனதில் ராஜாவுக்குக் கோபம். "கூத்தையா, சொல்லிவிடு. இல்லையேல் பொழுது சாய்வதற்குள் நாட்டைவிட்டுப் போய்விடு."

கூத்தையனுக்குப் பழசெல்லாம் கண்முன் வந்தது. அன்றைக்கு இளவரசராக இருந்தபோதும் இவர் இதையேதான் சொன்னார். வாத்தியார் திருத்துவாரா? பெரிய இடத்துப் பிள்ளையாயிற்றே. பின்வரிசைக் கூத்தையன் மட்டும் "ஐம்பத்தாறு" என்றான். "ஊரே ஒண்ணு சொல்லுது, மக்கு, உனக்கு மட்டும் என்னடா தனிக் கணக்கு?" என்று வாத்தியார் பிரம்பால் விளாசினார். அழுதுகொண்டே வீட்டுக்குப் போனவன் புளியங்கொட்டைகளை ஏழேழாய் எட்டு வரிசை வைத்து எண்ணினான். ஐம்பத்தாறு. கலைத்துவிட்டு மறுபடி எண்ணினான். ஐம்பத்தாறேதான். அடடா, நம் தலையிலும் சரக்கு இருக்கிறதே என்று அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது. அந்தச் சந்தோஷத்தில் அடிபட்ட இடம் வலிக்கவே இல்லை.

"உத்தரவு, மகாராஜா. முதலில் ஏழு தட்டு வரட்டும், தட்டுக்கு எட்டு அதிரசம்" என்றான். பூஜைக்குச் சுட்ட அதிரசமே வந்தது. அதில் இரண்டை எடுத்து நிதானமாகத் தின்றான்.

"பூஜை அதிரசத்தைத் திருடித் தின்கிறான்" என்றார் பிரதானி.

"ஏழெட்டு ஐம்பத்துநாலு என்பது மகாராஜாவின் வாக்கு. அதில் ஒன்று குறைந்தாலும் நான் திருடன். எண்ணிப் பாருங்கள், பிரதானியாரே."

எண்ணினார். சரியாக ஐம்பத்துநாலு இருந்தது. திருட்டு என்றால் ராஜாவின் கணக்கு தப்பு. ராஜாவின் கணக்கு சரி என்றால் திருட்டே இல்லை. பிரதானி மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்கினார்.

ராஜா எழுந்து வந்தார். இரண்டு அதிரசம் கொண்டுவந்து பழையபடி வைக்கச் சொல்லி, ஒவ்வொன்றாக விரலால் தொட்டு எண்ணினார். பிறந்ததிலிருந்து அவர் தாமாக எண்ணிப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"ஐம்பத்தாறு" என்றார் மெல்ல.

"ஐம்பத்தாறு, மகாராஜா" என்றது சபை உடனே.

ராஜாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "இப்போதும் எண்ணாமலே சொல்கிறீர்களே ஐயா" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றிக் கூத்தையனுக்குப் போட்டார். பிறகு அவன் பக்கத்திலேயே மணலில் உட்கார்ந்து, இன்னொரு தட்டு அதிரசம் கொண்டுவரச் சொன்னார்.

"எட்டெட்டு எத்தனை? கூத்தையா, நீ சொல்லாதே. நானே எண்ணுகிறேன்."