நடுக்கடல் ஸ்பானிஷ்

ஊருக்கு ஒரு கிறுக்கன் இருப்பான் என்பார்கள். விவரம்பாளையத்தில் அப்படித் தனியாக ஒருவனைக் கைகாட்ட முடியாது. இருந்த கிறுக்கை ஊரே பாகம் பிரித்து, ஆளுக்கொரு பங்காகச் சண்டை சச்சரவில்லாமல் வைத்துக்கொண்டிருந்தது. திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற அந்த ஊரில் ஒரு போர்வெல் லாரி உண்டு. லாரியோடு நாலு பேர்.

லாரிக்குச் சொந்தக்காரர் சென்னியப்பன். மேனேஜர் என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார். ராக்கியப்பன் பாயிண்ட் பார்க்கிறவர். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்துக்கொண்டு வயல்காட்டுக்குள் நடப்பார். தேங்காய் எந்த இடத்தில் எழுந்து நிற்கிறதோ அங்கே அடியில் தண்ணீர். இதுவரை பார்த்த நூறு பாயிண்டில் பன்னிரண்டில் தண்ணீர் வந்திருக்கிறது. மற்ற எண்பத்தெட்டிலும் தேங்காய் சரியாகத்தான் சொன்னதாம். தண்ணீர்தான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லையாம். குப்பணன் டிரைவர். நாலாவது ஆள் நாச்சிமுத்து, துளை போடுகிறவன். வயது முப்பத்துநாலு, இன்னும் கல்யாணமாகவில்லை.

ஆகாததற்குக் காரணம் குப்பணனின் தங்கை மைனாவதி. அவளைத் தவிர வேறு பெண்ணை ஏறெடுத்துப் பார்க்க நாச்சிமுத்துவுக்கு மனமில்லை. அவளோ கறாராகச் சொல்லிவிட்டாள்.

"ஏரோப்ளேன்ல ஏத்திக் கூட்டிட்டுப் போறவனுக்குத்தான் நான் கழுத்த நீட்டுவேன். தை மாசம் வரைக்கும் பாப்பேன். அப்புறம் வர்ற மொத மாப்பிள்ளைக்குச் செரின்னுடுவேன், பாத்துக்குங்க மாமா."

அந்த நேரத்தில்தான் கடிதம் வந்தது. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று சிலி நாட்டில் மழையே காணாத ஊர்களில் போர் போட ஆள் தேடியது. நாலு பேருக்கும் வேலை, விமான டிக்கெட், குடும்பத்தையும் அழைத்துப்போகலாம். ஒரே நிபந்தனை: ஒருவருக்காவது ஸ்பானிஷ் பேசத் தெரிய வேண்டும். மூன்று மாதம் கழித்து போனில் பேசிப் பார்ப்பார்கள். நாச்சிமுத்து கடிதத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். சாமி கண் திறந்துவிட்டார் என்று நினைத்தான், பாவம்.

நால்வரும் ஈரோட்டில் ஸ்பானிஷ் டியூஷன் எடுக்கும் ஜெசிந்தா டீச்சரிடம் போனார்கள். டீச்சர் வழக்கம்போலக் கேட்டார்.

"எந்த ஊரு ஸ்பானிஷ் வேணும்? அது நாட்டுக்கு நாடு மாறும். ஸ்பெயின்ல சில எழுத்துக்கு நாக்கைப் பல்லுக்கு நடுவுல வெச்சுப் பேசுவாங்க. அர்ஜென்டினாவுல 'ய' வர்ற எடத்துல 'ஷ'ன்னுவாங்க. கியூபாவுல சொல்லோட வாலை முழுங்கிடுவாங்க. கொலம்பியாவுல சில ஊர்கள்ல பெத்த புள்ளையக்கூட மரியாதையாத்தான் கூப்புடுவாங்க. சிலியில படுவேகம். எதுன்னு முடிவு பண்ணிட்டு வாங்க, ஆரம்பிக்கலாம்."

கிளம்பும்போது, "ஓலா-ன்னா வணக்கம். அதையாவது..." என்று டீச்சர் ஆரம்பித்தார். மேனேஜர் பாய்ந்து தன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். மற்ற மூவரும் பொத்திக்கொண்டார்கள்.

"இன்னும் முடிவு பண்ணலீங்க! அது எந்த ஊரு ஓலாவோ, என்ன எழவோ. உள்ள போயிருச்சுன்னா யாரு வெளிய எடுக்கறது?"

எல்லா ஊருக்கும் ஒரே ஓலாதான் என்று டீச்சர் சொன்னது, பொத்திய காதுக்குள் போகவில்லை.

அன்றிலிருந்து விவாதம். லாரி நிழலில் பாய் விரித்து, நாலு பேரும் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

"பொறந்த ஊரு ஸ்பெயின். அதுதான் அசல். மத்ததெல்லாம் ஒட்டு மாங்கா," என்றார் மேனேஜர்.

"அசல் செரிங்க. நாக்கப் பல்லுக்கு நடுவுல வெக்கோணுமே. நம்ம மிஷின் ஆடுற ஆட்டத்துக்கு நாக்கு மிஞ்சுமுங்களா?" என்றார் ராக்கியப்பன்.

நியாயமான சந்தேகம். சந்தேகம் வந்தால் சோதித்துப் பார்ப்பதுதான் விவரம்பாளையத்து வழக்கம். மிஷினை ஓடவிட்டு, அதன்மேல் குப்பணனை ஏற்றி, நாக்கைப் பல்லுக்கு நடுவில் வைக்கச் சொன்னார்கள். பத்து நாள் அவனுக்குக் கஞ்சிதான். ஸ்பெயின் போயிற்று.

"அர்ஜென்டினா?"

"ஷ, ஷங்கறது ஊட்டுக்குள்ள வந்த கோழியத் தொரத்தறதுக்கு. ஒரம்பரை, விருந்தாளி வந்தா அப்படியா கூப்புடுவீங்க?"

"கியூபா?"

"பாதிச் சொல்ல முழுங்கறாங்களாமே. பழக்கமில்லாத சொல்லு வயித்துக்குள்ள போனா என்ன பண்ணுமோ."

"கொலம்பியா நமக்குத் தோதுங்க. மரியாதக்காரங்க."

"மரியாதைய அவுங்க கிட்ட இருந்தா நாம கத்துக்கோணும்? கொங்கு நாட்டுல பொறந்துபோட்டு?" மேனேஜருக்கு மீசை துடித்தது. கொலம்பியாவும் போயிற்று.

ஒரு மாதம் கழிந்தது. தை நெருங்கிக்கொண்டிருந்தது. நாச்சிமுத்து தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"ஏனுங்க மேனேஜர், வேலை சிலியிலதானுங்களே? சிலி ஸ்பானிஷே படிச்சா ஆகாதுங்களா?"

மூவரும் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

"ஏன்டா, மெட்ராசுல வேலை கெடச்சா மெட்ராஸ் பாசையா படிப்ப?" என்றார் மேனேஜர். "வேலை செய்யற எடம் வேற, மொழி வேற. மொழின்னா சுத்தமா இருக்கோணும். எவனுக்கோ புரியோணுமுன்னு படிக்கறதுக்கு அதென்ன பஸ்ஸு போர்டா?"

ஊரில் இதைக் கேட்டுத் தலையாட்டாத ஆளே இல்லை. நாச்சிமுத்துவும் ஆட்டினான். தலையாட்டுவதற்குப் புத்தி தேவைப்படாததால் அதில் மட்டும் விவரம்பாளையத்தார் யாருக்கும் இளைத்தவர்கள் அல்ல.

இதற்கிடையில் பக்கத்து ஊர் லாரிக்காரர்களுக்கும் அதே கடிதம் வந்திருந்தது. அவர்கள் செல்போனைப் பார்த்து, கைக்கு அகப்பட்ட நாட்டில் அகப்பட்ட சொல்லாக நாற்பது சொல் பொறுக்கிவிட்டார்கள் என்று சேதி வந்தது.

"நாப்பதும் கலப்படம்," என்று மேனேஜர் வருத்தப்பட்டார். "ஐயோ பாவம்."

கடைசியில் ராக்கியப்பன் எழுந்தார். "பேசிட்டே இருந்தா எப்படிங்க? பாயிண்ட் பாத்துருவோம்."

பள்ளிக்கூடத்திலிருந்து பெரிய உலகப் படத்தை வாங்கிவந்து களத்தில் விரித்தார்கள். நாலு மூலைக்கும் நாலு கல். ராக்கியப்பன் குளித்து, விபூதி பூசி, உள்ளங்கையில் தேங்காயோடு படத்தின்மேல் வெறுங்காலில் நடந்தார். ஸ்பெயினில் தேங்காய் படுத்தே கிடந்தது. மெக்சிகோவில் அசையவில்லை. அர்ஜென்டினாவை மேலிருந்து கீழே முழுக்க நடந்தும் பலனில்லை. சிலியின்மேல் ஒரு கால் வைக்கவே இடமில்லை. அவ்வளவு ஒல்லியான நாடு. தடுமாறி இடதுபக்கம் காலை வைத்தார். பசிபிக் கடலின் நட்டநடுவே தேங்காய் விறைப்பாக எழுந்து நின்றது.

கூட்டம் கையெடுத்துக் கும்பிட்டது. "தண்ணி இருக்கற எடத்துல தேங்கா நிக்கறது சகஜந்தானுங்களே," என்று கூட்டத்தில் யாரோ முனகியதை யாரும் பொருட்படுத்தவில்லை.

"கடலுக்குள்ள யாருங்க ஸ்பானிஷ் பேசுவாங்க?" என்று குப்பணன் கேட்டான். நாக்கு அப்போதுதான் ஆறியிருந்தது.

மேனேஜர் கண்ணை மூடி வெகுநேரம் யோசித்தார். திறந்தபோது அவர் முகத்தில் ஒரு வெளிச்சம்.

"ஒருத்தரும் பேச மாட்டாங்க. அதுதான்டா சூட்சுமம்! ஒரு மொழி எப்படிக் கெட்டுப்போகுது? ஆளுக பேசிப்பேசித்தானே? பேச ஆளே இல்லாத எடத்துல யாரு கெடுக்கறது? உலகத்துலயே சுத்தமான ஸ்பானிஷ் நடுக்கடல் ஸ்பானிஷ்தான்!"

அவ்வளவு நாள் பேசியதில் இதுதான் எல்லோருக்கும் உடனே புரிந்தது. நாச்சிமுத்துவுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. மறுநாளே ஈரோட்டுக்குப் போய் முடிவைச் சொன்னார்கள். ஜெசிந்தா டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டினார். ஆட்கள் மாறாமல் அப்படியே எதிரில் நின்றார்கள்.

"நடுக்கடலா? அப்ப வாயை மூடிட்டுச் சும்மா இருங்க! உங்களுக்கு அதுதான் லாயக்கு!"

"ரொம்ப நன்றிங்க டீச்சர்," என்றார் மேனேஜர் நெகிழ்ந்துபோய். முதல் பாடத்தை அவர் ஒரு காகிதத்தில் அப்படியே எழுதிக்கொண்டார்.

பாடம் கடுமையாக நடந்தது. விடிந்து எழுந்ததும் வாயை மூடிக்கொண்டு சும்மா இருப்பார்கள். சாப்பிட்டுவிட்டு மறுபடியும். மேனேஜர் ஒவ்வொருவரின் உச்சரிப்பையும் கூர்ந்து கேட்டுத் திருத்துவார். மூச்சு சத்தம் வந்தால் அது கொச்சை. நாச்சிமுத்து எல்லோரையும்விட முன்னேறினான். மைனாவதி, "மாமா, டிக்கெட்டு வந்துருச்சுங்களா?" என்று கேட்டபோதெல்லாம் அவன் சுத்தமான ஸ்பானிஷில் பதில் சொன்னான். அவள் தலையில் அடித்துக்கொண்டு போனாள்.

தொழிலிலும் பழகினால்தான் மொழி நாவில் நிற்கும் என்று மேனேஜர் உத்தரவிட்டார். குப்பணன் லாரியைப் பின்னால் எடுக்க, ராக்கியப்பன் பின்னே நின்று, "வரலாம், வரலாம், நிறுத்து!" என்பதை நடுக்கடல் ஸ்பானிஷில் திருத்தமாகச் சொன்னார். லாரி பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டியைச் சாய்த்துவிட்டு நின்றது.

அடுத்த வாரம் ஒரு தென்னந்தோப்பில் துளை போட்டார்கள். நானூறு அடியில் தண்ணீர் பீறிட்டது. முதலில் பார்த்தவன் நாச்சிமுத்து. "வந்துருச்சு!" என்று அவன் மொழி பிசகாமல் அறிவித்தான். லாரிக்கு அந்தப் பக்கம் முதுகைக் காட்டி மிஷினை இயக்கிக்கொண்டிருந்த மற்ற மூவரும் அதைக் கேட்டு ரசித்துக்கொண்டே மேலும் முந்நூறு அடி இறக்கினார்கள். பாறைக்குள் நீரோட்டப் பாதை உடைந்து தண்ணீர் எங்கேயோ ஓடிப்போயிற்று. தோப்புக்காரர் மண்ணை வாரித் தூற்றினார். இவர்கள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. படிப்பு அந்த அளவுக்கு ஊறியிருந்தது.

போன் வரவேண்டிய நாளுக்கு முதல் நாள், பக்கத்து ஊர்க்காரர்கள் தேறிவிட்டதாகச் சேதி வந்தது. நாற்பது சொல்லையும் தப்புத்தப்பாகச் சொன்னார்களாம், அந்தப் பக்கத்து ஆள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு டிக்கெட் அனுப்பிவிட்டானாம். "கலப்படத்துக்குத்தானே காலம்," என்றார் மேனேஜர். ஆனால் நாச்சிமுத்து காலண்டரை எண்ணிப் பார்த்தான். தைக்கு இன்னும் ஆறே நாள். இந்த ஒரு போனில்தான் அவன் வாழ்க்கையே இருந்தது.

மறுநாள் சாயங்காலம் ஆறு மணிக்கு, குப்பணன் வீட்டு முற்றத்தில் எல்லோரும் கூடியிருக்க, போன் அடித்தது. நாச்சிமுத்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு எடுத்தான்.

"ஓலா?" என்றது குரல்.

நாச்சிமுத்து வணக்கம் சொன்னான், நடுக்கடல் ஸ்பானிஷில்.

"ஓலா? ஓலா?"

நாச்சிமுத்து தன் பெயர், ஊர், துளை போட்ட அனுபவம், கட்டிக்கொள்ளப்போகிற பெண், அவளுக்கும் ஒரு டிக்கெட் வேண்டும் என்பது எல்லாவற்றையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னான். நெற்றியில் வேர்வை ஓடியது. அந்தப் பக்கத்து ஆள் படபடவென்று ஏதோ கொட்டினார். பிறகு 'டொக்' என்று ஒரு சத்தம். பிறகு எதுவுமே இல்லை.

நாச்சிமுத்துவின் முகம் மலர்ந்தது. "ஏனுங்க, அவரும் நம்ம ஸ்பானிஷுக்கே வந்துட்டாருங்க!" என்று கிசுகிசுத்தான்.

போன் கை மாறியது. மேனேஜர் கேட்டார். "அடடா, என்ன உச்சரிப்பு! மூச்சு சத்தம்கூட வரல!" ராக்கியப்பன் கேட்டுவிட்டுக் கண்கலங்கினார். குப்பணன் கேட்டுவிட்டு, "எனக்குப் பாதிதான் புரியுது. ஆழமாப் பேசறாரு," என்றான்.

"டிக்கெட்டு குடுக்கறாராமா இல்லையாமா? இங்க குடுங்க, நானே கேக்கறேன்," என்று மைனாவதி போனைப் பிடுங்கினாள். தமிழிலேயே ஆரம்பித்தாள். டிக்கெட்டில் ஆரம்பித்து, ஜன்னலோர சீட்டு வேண்டும் என்று போய், அண்ணன் வீட்டில் படுகிற பாடு, பக்கத்து வீட்டுக்காரி வாய், பத்தாம் வகுப்பில் கணக்கு டீச்சர் செய்த அநியாயம் என்று அரை மணி நேரம் மூச்சு விடாமல் பேசினாள். முடித்தபோது அவள் கன்னம் சிவந்திருந்தது. போனைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"அண்ணா, பொறந்ததுல இருந்து இந்த ஊருல ஒருத்தனும் என்னைய முழுசாப் பேச விட்டதில்ல. இவரு ஒரு வார்த்த குறுக்க பேசலீங்ணா. கட்டுனா இவரத்தான் கட்டுவேன். ஏரோப்ளேனும் அந்தூர்லதான் இருக்குது."

மேனேஜர்தான் முதலில் வாயைத் திறந்தார். "மாப்பிள்ளை படிச்சவரு. நல்ல எடந்தான். அவரு சம்மதத்த முறைப்படி கேக்கோணுமில்ல? நம்மள்ல நல்லா மொழி தெரிஞ்ச ஆளு யாரு?"

எல்லோரும் நாச்சிமுத்துவைப் பார்த்தார்கள்.

போன் மறுபடி அவன் கைக்கு வந்தது. மாட்டேன் என்கிறார் என்று ஒரு பொய் சொன்னால் போதும், மைனாவதி அவனுக்கு. ஆனால் மாதக்கணக்கில் ராப்பகலாகப் படித்த மொழி; அதைத் திரித்துச் சொல்ல அவனுக்கு மனசு வரவில்லை. கேள்வியைக் கேட்டான். பதிலைக் கடைசிவரை பொறுமையாகக் கேட்டான். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"பொண்ணைப் புடிச்சிருக்குதாமுங்க. தையிலயே வெச்சுக்கலாங்கறாரு," என்றான். பிறகு போனை மறுபடி காதில் வைத்துக் கேட்டு, மூக்கை உறிஞ்சினான். "மாப்பிள்ளைத் தோழனா என்னையத்தான் நிக்கச் சொல்றாரு."