கொற்றியின் பாரம்

மழை விட்ட மறுநாள் காலை, சேந்தி மலைப்பாதையில் கிடந்த ஒரு கல்லை எடுத்து ஓரமாக வைத்தாள். அந்தக் கல் உருண்டுபோய், அடிவாரத்துச் சுனையில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்த ஒரு சிறுமியைக் கொன்றது.

சேந்தி சமணத் துறவி. எந்த உயிருக்கும் தீங்கு செய்வதில்லை என்று விரதம் ஏற்றவள். கணவன் இறந்த பிறகு, தலை நரைக்கத் தொடங்கிய வயதில் மலைக்கு வந்தாள். அவளுடைய குரு நந்திக் குரத்தியார் அவளைவிட இளையவர். குரத்தி என்றால் பெண் குரு. குகையில் இருந்தவர்கள் அவர்கள் இருவர் மட்டுமே.

நடக்கும் பாதையை மயிற்பீலியால் கூட்டிக்கொண்டே நடப்பது அவர்கள் வழக்கம். காலடியில் பூச்சி புழு நசுங்கிவிடக் கூடாது. அன்று பாதை நடுவே பூசணிக்காய் அளவில் ஒரு கல் ஆடிக்கொண்டிருந்தது. அதன் அடியில் எறும்புகள் முட்டை வைத்திருந்தன. யாராவது கல்லை மிதித்தால் அவ்வளவும் நசுங்கும்.

சேந்தி கல்லை மெல்லத் தூக்கினாள். அடியில் ஒட்டியிருந்த எறும்புகளைப் பீலியால் இறக்கிவிட்டாள். வைக்கப்போகிற இடத்தில் உயிர் ஏதும் இல்லை என்று குனிந்து பார்த்தாள். பிறகு வைத்தாள்.

எல்லாம் பார்த்தவள் சரிவைப் பார்க்கவில்லை.

மண் சரியும் சத்தம் கேட்டுத் திரும்பினாள். கல் முதலில் நடப்பதுபோல் போயிற்று. பிறகு ஓடுவதுபோல் போயிற்று. பிறகு கண்ணுக்கு அகப்படவில்லை.

சிறுமியின் பெயர் கொற்றி. ஆறேழு வயது இருக்கும். ஆடு மேய்க்கும் காரியின் ஒரே மகள். தாய் இல்லாதவள். கீழே ஓடிய சேந்தி, எறும்பிலிருந்து எல்லாவற்றையும் காரியிடம் சொன்னாள்.

உச்சிப்பொழுதில் சேந்தி குகை வாசலில் பாறைமேல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். குரத்தியார் அருகில் வந்து நின்றார்.

"வடக்கு நோக்கி உட்கார எனக்கு அனுமதி தாருங்கள்" என்றாள் சேந்தி.

வடக்கு நோக்கி உட்காருவது என்றால், உண்ணாமல் பருகாமல் இருந்து உயிரை விடுவது. குருவின் அனுமதி இல்லாமல் அதைத் தொடங்கக் கூடாது.

குரத்தியார் அவள் அருகில் பாறையில் உட்கார்ந்தார்.

"நான் அந்தக் கல்லை எறியவில்லை. தள்ளவில்லை. வைத்தேன். அன்போடுதான் வைத்தேன். அது ஏன் கீழே போயிற்று?"

குரத்தியார் உதிர்ந்து கிடந்த ஒரு புங்க இலையை எடுத்தார். கையை உயர்த்தி விட்டார். இலை இப்படியும் அப்படியும் ஆடி ஆடி இறங்கியது. அதே இலையை எடுத்து உருண்டையாகக் கசக்கினார். மறுபடியும் விட்டார். நேராக விழுந்தது.

"முதலில் ஏன் தயங்கியது?"

"விரிந்திருந்தது. காற்று தாங்கியது."

"தயங்கியபோது எந்தப் பக்கம் போயிற்று?"

"கீழே."

"கசக்கிய பிறகு?"

"அப்போதும் கீழேதான்."

குரத்தியார் சுரைக்குடுக்கையைச் சாய்த்து உள்ளங்கையில் சிறிது தண்ணீர் ஊற்றினார். அது விரலிடுக்கில் வழிந்து சொட்டியது.

"தண்ணீருக்கு யார்மேலாவது கோபமா?"

"இல்லை."

"பூமி எல்லாவற்றையும் தன் பக்கம் இழுக்கிறது, சேந்தி. இலையையும் நீரையும் கல்லையும். வைத்த கை நல்ல கையா என்று அது பார்ப்பதில்லை. சமதரையில் வைத்தால் தரை அடியிலிருந்து தாங்கிக்கொள்ளும். சரிவில் அரைகுறையாகத்தான் தாங்கும். மழையில் ஊறிய சரிவு அதையும் கைவிட்டுவிடும்."

சேந்தி நிமிர்ந்து பார்த்தாள். "அப்படியானால் குற்றம் பூமியுடையதா?"

"பூமி முன்பும் அங்கேதான் இருந்தது. வைத்தவள் நீ."

சேந்தி முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"இனி நான் எதையும் தொடமாட்டேன். அசையாமல் இருந்தால் என்னால் எதுவும் விழாதல்லவா?"

"நீயே விழுந்துகொண்டுதான் இருக்கிறாய். பாறை குறுக்கே இருப்பதால் இங்கே இருக்கிறாய்."

"பாறை இல்லாவிட்டால்?"

"கல் போன வழி."

"யார்மேலும் பாரமாக இல்லாமல் இருக்க வழியே கிடையாதா?"

"நான் அறிந்து இல்லை."

அப்போது பாதையில் காரி ஏறி வந்தான். இடுப்புத் துணி நனைந்திருந்தது. முழங்கை வரைக்கும் சேறு. சேந்தியின் முன்னால் வந்து நின்று மூச்சு வாங்கினான்.

"என்ன சாமி, எறும்பெல்லாம் சௌக்கியமா?"

சேந்தி எழுந்தாள்.

"முட்டை ஒண்ணும் ஒடையலையே? நல்லவேளை. ஒடைஞ்சிருந்தா உங்களுக்குப் பாவமாச்சே!"

சேந்தி அவன் காலில் விழுந்தாள். காரி பின்னால் நகர்ந்துகொண்டான்.

"எந்திரி. கும்பிடு வாங்க வரல. எனக்கு ஒரு ஆளு வேணும்."

"சொல், காரி" என்றார் குரத்தியார்.

"எங்காளுங்க அவங்கவங்க மந்தைய ஓட்டிக்கிட்டு ஆத்துக்கு அந்தப் பக்கம் போயிட்டாங்க. வெள்ளம் வடியாம யாரும் வரமாட்டாங்க. புள்ள சுனைப் பள்ளத்துல கிடக்கு. ஒத்த ஆளா கரையேத்திப் பாத்தேன். சேத்துல வழுக்கி விழுந்துட்டேன், சாமி. புள்ளையோட விழுந்துட்டேன்."

குரத்தியார் எழுந்தார்.

"நீங்க வேணாம். அந்தம்மா வரட்டும்."

சேந்தி குருவைப் பார்த்தாள். பிணத்தைத் தொடுவது அவர்களுக்கு வழக்கமில்லை.

"போ" என்றார் குரத்தியார்.

காரி தலைமாட்டில் பிடித்தான். சேந்தி கால்மாட்டில் பிடித்தாள். உடல் நடுவில் தொய்ந்தது. கரை ஏற ஏற, பிடி நழுவிக்கொண்டே இருந்தது. நின்று, மாற்றிப் பிடித்து, மறுபடியும் ஏறினார்கள்.

"கையப் பாரு, கையப் பாரு. கல்லுல உரசுது" என்றான் காரி.

சேந்தி குனிந்து சிறுமியின் கையை எடுத்து நெஞ்சின்மேல் வைத்தாள். இரண்டு எட்டு வைப்பதற்குள் அது மறுபடியும் தொங்கியது. காரி தன் தலைத்துணியை அவிழ்த்துக் கையை உடலோடு சேர்த்துக் கட்டினான்.

குழியை அவனே வெட்டி வைத்திருந்தான். உடலைக் குழிக்குள் இறக்கும்போது அவன் குரல் தணிந்தது.

"மெதுவா. மெதுவா. சட்டுன்னு விட்டுராத."

அவர்கள் விடவில்லை. குழியின் ஓரத்தில் மண்டியிட்டு, கை எட்டும் மட்டும் தாழ்த்தினார்கள். மிச்சத்துக்குக் காரி உள்ளே இறங்கி வாங்கிக்கொண்டான்.

குழியை மண்ணால் மூடியதும், "நரி தோண்டும். கல்லு வைக்கணும்" என்றான். அவன் எடுத்துக் கொடுத்தான். சேந்தி வாங்கி வைத்தாள். ஒவ்வொரு கல்லையும் வைத்த பிறகு அதன்மேல் கையை அழுத்திக்கொண்டு உட்கார்ந்தாள். அசைகிறதா என்று பார்த்தாள். அசையவில்லை. ஆனாலும் கையை எடுக்கவில்லை.

காரி கொஞ்சநேரம் பொறுத்துப் பார்த்தான்.

"விடு. இனி அது எங்க உருளப் போகுது?"

அவள் விடவில்லை. அவனே அவள் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி எடுத்தான்.

"போம்மா. பொழுது இறங்குது. எறும்பப் பாக்காத, வழியப் பாத்து ஏறு."

சேந்தி குகைக்கு வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. குரத்தியார் அவளுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"இறந்தவர்களைப் பூமி அதிகமாக இழுக்குமா?" என்று கேட்டாள் சேந்தி.

"ஏன்?"

"போன கோடையில் கொற்றி இங்கே வந்தாள். பாறையில் செதுக்கியிருக்கும் அருகனுடைய முகத்தைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும் என்றாள். ஒரு கையால் தூக்கி இடுப்பில் வைத்துக் காட்டினேன். மூக்கு உடைந்திருக்கிறதே, வலிக்காதா என்று கேட்டாள். நெடுநேரம் வைத்திருந்தேன். பாரமே தெரியவில்லை. இன்று இரண்டு பேர் தூக்கியும் தாங்க முடியவில்லை."

"அன்றும் இன்றும் பூமி ஒரே அளவுதான் இழுத்தது."

"பின் ஏன்?"

"அன்று அவளும் உன்னைப் பிடித்துக்கொண்டிருந்தாள்."

சேந்தி அழவில்லை. கொற்றியை வைத்திருந்த இடுப்பைத் தொட்டுக்கொண்டாள். கீழே காரி ஆடுகளைக் கூப்பிடும் குரல் ஒருமுறை கேட்டது. பிறகு கேட்கவில்லை.

"உச்சிப்பொழுதில் ஒன்று கேட்டேன். நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை" என்றாள்.

"சொல்கிறேன்" என்றார் குரத்தியார். "இந்த மலையில் நாம் இரண்டே பேர். நீ இறந்த பிறகு உன்னைத் தூக்க வேண்டியவள் நான் ஒருத்திதான்."