‘பின்னல்’ என்ற சொல் பிறந்த வெள்ளம்

யானையும் குருவியும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், மலையடிவாரக் காட்டில் தேன் எடுத்துப் பிழைத்த ஒரு கூட்டம் இருந்தது. அவர்களுக்குக் கொடியை முறுக்கத் தெரியும், முடிச்சுப் போடத் தெரியும். பின்னத் தெரியாது. அப்படி ஒரு சொல்லே அவர்கள் வாயில் கிடையாது. பெண்கள் கூந்தலைக்கூட அள்ளிச் செருகிக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

அந்தக் கூட்டத்தில் வேம்பி என்று ஒருத்தி. அவள் புருஷன் செம்பன்.

ஒரு நாள், உச்சிமலையில் பெய்த மழை சொல்லாமல் கொள்ளாமல் ஆற்றில் இறங்கிவிட்டது. கரையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த யானைக்குட்டியை வெள்ளம் அடித்துப் போயிற்று. பார்த்த செம்பன் யோசிக்கவே இல்லை, குதித்தான். குட்டியைத் தள்ளித் தள்ளி நடு ஆற்றுப் பாறைமேல் ஏற்றியும்விட்டான். ஆனால் திரும்பி வர வழியில்லை. தண்ணீர் பாறையை விழுங்கிக்கொண்டே ஏறியது.

தாய் யானை ஆற்றில் கால் வைத்தது. மணல் காலை உள்ளே வாங்கியது. பிடுங்கிக்கொண்டு கரையேறிப் பிளிறியது. “ஐயோ, என் பிள்ளை!”

“அழாதே அக்கா, என் மச்சானும் அங்கேதான் நிற்கிறார்” என்ற வேம்பி, நீளமான கொடி ஒன்றை அறுத்துக்கொண்டு ஓடிவந்தாள். கரையில், பாறைக்கு மேல்புறமாக ஆறு வரும் பக்கம் நின்று அதைத் தண்ணீரில் விட்டாள். வெள்ளமே அதைச் செம்பன் கையில் சேர்த்தது. யானை இழுத்தது. படீர்! கொடி அறுந்தது. இரண்டு கொடிகளை முறுக்கி விட்டாள். இழுக்க இழுக்க முறுக்குப் பிரிந்து, அதுவும் போயிற்று.

வேம்பி நிமிர்ந்து பார்த்தாள். கரையோர ஈச்சமரத்தில் ஒரு தூக்கணாங்குருவிக் கூடு காற்றில் தாறுமாறாக ஆடிக்கொண்டிருந்தது. விழவில்லை.

“ஏ குருவி! இந்தப் பேய்க்காற்றிலும் உன் கூடு எப்படித் தாங்குது?”

“ஒரு நார் முன்னே போனா இன்னொண்ணு பின்னே போகும். இழுக்க இழுக்க ஒண்ணை ஒண்ணு இறுக்கிப் பிடிக்கும்!”

“அப்படியா? எனக்குச் சொல்லிக்கிட்டே வா!”

குருவி பறந்து வந்து யானையின் மத்தகத்தில் உட்கார்ந்தது. மூன்று கொடிகளின் நுனியை யானை துதிக்கையில் பற்றிக்கொள்ள, வேம்பியின் விரல்கள் ஓடத் தொடங்கின. “முன்னே! பின்னே! அந்தக் கொடி பின்னே!” குருவி கத்தியது. ஓடிவந்த ஊரும் சேர்ந்து கத்தியது. மரத்து மந்திகளும் கத்தின. வேகம் கூடக் கூட ‘முன்னே’ தொலைந்துபோய், ‘பின்னே! பின்னே!’ மட்டும் காட்டையே அதிரவைத்தது.

கயிறு தயார். ஆற்றில் விட்டார்கள். செம்பன் எட்டினான், மறுபடி எட்டினான். முன்னே பின்னே போனதில் கொடிகள் குறுகி, ஒரு கை நீளம் போதவில்லை! பாறையில் அவன் இடுப்புவரை தண்ணீர். கொடி தேடக் காட்டுக்குள் ஓட நேரமில்லை.

வேம்பி சட்டென்று கூந்தலை அவிழ்த்தாள். முழங்காலைத் தொடும் கூந்தல். அதை மூன்றாகப் பிரித்து, கயிற்றின் கரைப்பக்க முனையோடு சேர்த்து முன்னே பின்னே என்று கோத்து இறுக்கினாள்.

“அக்கா, என் இடுப்பைப் பிடிச்சுக்கோ. விட்டுடாதே!”

ஆற்றில் இறங்கினாள். மணல் அவள் காலை இழுத்தது, துதிக்கை அவளை இழுத்தது. கழுத்தளவுத் தண்ணீரில் அவள் தலையைச் சாய்த்துக் கொடுக்க, கயிறு பாறையைத் தொட்டது. செம்பன் பிடித்தான். குட்டியும் துதிக்கையைக் கயிற்றில் சுற்றிக்கொண்டது.

“இழு அக்கா!”

இரண்டு உயிரின் பாரமும் அவள் தலையில் இறங்கியது. பல்லைக் கடித்தாள். கண்ணில் நீர் கொட்டியது. யானை அடிமேல் அடி வைத்துப் பின்வாங்கியது. வேம்பி கரையைத் தொட்டதும் யானை கயிற்றையே பற்றி ஒரே இழுப்பாக இழுத்தது. செம்பனும் குட்டியும் சேற்றில் உருண்டு வந்து விழுந்தார்கள்!

“பின்னிட்டா! நம்ம வேம்பி பின்னிட்டா!” குருவி இறக்கையடித்துக் கூவியது. ஊரே அதைப் பிடித்துக்கொண்டு குதித்தது.

அன்றைக்கு ஆற்றங்கரையில் கிளம்பிய அந்தக் கூச்சல்தான் இன்னும் அடங்கவில்லை: வலையானாலும் கூடையானாலும் கம்பளிச் சட்டையானாலும் கூந்தலானாலும் இழையை முன்னும் பின்னும் கோத்தால் அது பின்னல்; இழையையே தொடாத ஒருவர் அசாத்தியமாக ஒன்றைச் செய்து காட்டினாலும், நம் வாயில் தானாக வருவது, “பின்னிட்டாங்கப்பா!”