வேதநாயகியின் வெறுங்கை

"குருவே, கத்தியைத் திருப்பிக் கொடுக்க வந்தேன். இன்னையோட விட்டுட்டேன்."

மாலை அரக்கோணம் வண்டி. பெண்கள் பெட்டி. உட்காருவதற்கு முன்பே வேதநாயகி இதைச் சொல்லிவிட்டாள்.

குரு தபித்தாளுக்கு இருபத்தெட்டு வயது. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. சிஷ்யைக்கு நாற்பத்தேழு. சென்னையில் ஓர் அலுவலகத்தில் தட்டச்சு. குரு, சிஷ்யை என்பதெல்லாம் பெட்டியில் கூட வருகிறவர்கள் கேலிக்கு வைத்தது. வைத்தது அப்படியே ஒட்டிக்கொண்டது.

வீடு போய்ச் சேருவதற்குள் அந்தப் பெட்டியில் பாதிச் சமையல் முடிந்துவிடும். ஒருத்தி பூண்டு உரிப்பாள். ஒருத்தி பீன்ஸ் நறுக்குவாள். ஒருத்தி பூ கட்டுவாள். நடுவில் தபித்தாள் மட்டும் மடியில் துண்டை விரித்து, கத்தி படாமலிருக்கக் கட்டைவிரலில் சைக்கிள் டியூப் துண்டை மாட்டிக்கொண்டு, மரம் செதுக்குவாள். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் போன வருஷம் வேதநாயகிக்கும் ஆசை வந்தது.

"ஏன் விடறீங்க, அக்கா?"

"கை வரமாட்டேங்குது."

"காட்டுங்க."

வேதநாயகி பையிலிருந்து ஒரு கருங்காலித் துண்டை எடுத்தாள். பாதி முகம் இருந்தது. மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பள்ளம்.

"யாரு இது?"

"மரப்பாச்சி மாப்பிள்ளை. பொண்ணு இன்னும் மோசம், அதை வீட்டுலயே வச்சுட்டு வந்தேன்."

விஷயம் இதுதான். வேதநாயகியின் நாத்தனார் மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் சீர்த் தட்டில் மரப்பாச்சி ஜோடி வைக்க வேண்டும். மாமன் ஏகாம்பரம், மாமன் பெண்டாட்டி வேதநாயகி. "நீதான் செதுக்கறியே, உன் கையாலயே செஞ்சிடு. கட்டையை நானே அனுப்பறேன்" என்று சொன்ன நாத்தனார், சொன்ன கையோடு சம்பந்தி வீட்டிலும் சொல்லிவிட்டார். இப்போது வீடு முழுக்க அதே பேச்சு. குக்கரை ஏற்றிவிட்டு, விசில் வருவதற்குள் அடுப்படியில் நின்று கிளி செதுக்கிய கை, இந்தக் கட்டையைத் தொட்டதும் விறைத்துப் போகிறது.

"முன்னயெல்லாம் திட்டுவாங்க. வீட்டுல செதுக்கினா குப்பை. வண்டியில செதுக்கினா பைத்தியம். இப்ப திட்டறதில்ல. 'முடிஞ்சதா, முடிஞ்சதா'ன்னு கேக்கறாங்க. திட்டே தேவலாம்."

எதிரே பூண்டு உரித்துக்கொண்டிருந்த பரிமளம் சிரித்தாள்.

வேதநாயகிக்குச் சூடு ஏறியது. "சிரிக்காதே பரிமளம். பக்கத்துப் பெட்டியில ஆம்பளைங்க சூட்கேஸை மடியில வச்சு ரம்மி ஆடறாங்க. 'இந்த ரம்மி எதுக்குப்பா?'ன்னு எந்த வீட்டுலயாவது கேக்கறாங்களா? நான் ஒரு கட்டையை எடுத்தா மட்டும் எதுக்கு, எதுக்கு, எதுக்கு."

"நீங்க என்ன பதில் சொல்வீங்க?" என்றாள் தபித்தாள்.

"யாருக்கு?"

"எதுக்குன்னு கேக்கறவங்களுக்கு."

"ஏதாவது சொல்வேன். கிளி, சாவி மாட்ட. ஆமை, சோப்பு வைக்க."

"செதுக்கும்போதே சோப்பு வைக்கணும்னு நெனச்சீங்களா?"

"இல்ல. ஆமைன்னுதான் ஆரம்பிச்சேன். அவர் எதுக்குன்னு கேட்டார். முதுகைத் தட்டையாச் சீவிட்டேன்."

"ஐயோ பாவம், ஆமை" என்றாள் பரிமளம்.

இந்தத் தடவை வேதநாயகியும் சேர்ந்து உச்சுக் கொட்டினாள்.

தபித்தாள் கையை நீட்டினாள். கத்தியையும் டியூப் துண்டையும் வாங்கினாள். கருங்காலியையும் வாங்கித் தன் பைக்குள் போட்டாள்.

"அரக்கோணம் வரைக்கும் கையில எதையும் வச்சுக்காதீங்க, அக்கா."

"ஏன்?"

"நாளைக்கும்."

"எத்தனை நாளைக்கு?"

தபித்தாள் தன் மரத்தை எடுத்துச் செதுக்க ஆரம்பித்துவிட்டாள்.

பொம்மையை அவளே முடித்துக் கொடுத்துவிடுவாள் என்று வேதநாயகிக்குப் பட்டது. அப்பாடா என்றிருந்தது.

அது அம்பத்தூர் வரைக்கும் தாங்கியது.

அதற்கப்புறம் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மடியில் வைத்தாள். யாரோ அங்கே மறந்து வைத்துவிட்டுப் போனது மாதிரி கிடந்தது. கட்டிக்கொண்டாள். யாரையோ திட்டப்போகிற மாதிரி இருந்தது. போனை எடுத்தாள். தபித்தாள் நிமிர்ந்து பார்த்தாள். போனை உள்ளே வைத்தாள்.

"வெறுமனே உக்காந்திருக்கியே, இந்தா" என்று பரிமளம் ஒரு பிடி பூண்டை மடியில் போட்டாள். தபித்தாள் ஒவ்வொன்றாகப் பொறுக்கி, பரிமளத்தின் முறத்திலேயே திருப்பிப் போட்டாள்.

ஆவடியில் ஏறிய ஒருத்தி, "உடம்புக்கு முடியலையாக்கா?" என்றாள். இன்னொருத்தி கைப்பையைத் துழாவித் தலைவலி மாத்திரை எடுத்துக் கொடுத்தாள்.

மறுநாள் வேதநாயகி சண்டைக்குத் தயாராக வந்தாள்.

"இது என்ன தண்டனை? பொம்மையைக் கெடுத்ததுக்கா?"

"தண்டனையாவா இருக்கு?"

"பின்ன?"

"கை காலியா இருந்தா தண்டனையா, அக்கா?"

வேதநாயகி வாயைத் திறந்தாள். அவளிடம் பதிலுக்குப் பஞ்சம் வந்ததே கிடையாது. அலுவலகத்தில் மேலாளரையே மூன்றே கேள்வியில் உட்கார வைப்பவள். இப்போது கையை விரித்துப் பார்த்தாள்.

இதற்கு முன் எப்போது கை காலியாக இருந்தது? திருநின்றவூர் தாண்டும்வரை யோசித்தாள். கல்யாணத்துக்கு முதல் நாள். இரண்டு கையிலும் மருதாணி. அன்றைக்கும் சித்தி குழந்தையைத் தூளியில் போட்டு, "காலால ஆட்டிவிடுடி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஆட்டிவிட்டாள்.

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அரக்கோணம் வரும்வரை இந்தப் பக்கம் திரும்பவில்லை.

அடுத்த மாலை கூட்டம் அதிகம். தபித்தாளுக்கு ஜன்னலோர இடம் கிடைத்திருந்தது. கையில் வெப்பாலைக் கட்டை, வெள்ளையாக, பால் காய்ந்தது மாதிரி. வண்டி நிற்கப்போகும்போது கத்தியை மடக்குவாள். கிளம்பி வேகம் பிடித்ததும் விரிப்பாள். சீவல் ஒவ்வொன்றும் சுருண்டு துண்டில் விழுந்தது. சில வேதநாயகியின் புடவையிலும் விழுந்தன.

ஒன்றை எடுத்து முகர்ந்தாள். விரலில் சுற்றினாள். பிரித்தாள். மறுபடி சுற்றினாள்.

தபித்தாளின் கத்தி கட்டையின் ஒரு கணுவில் இடறி நின்றது. எதிர்ப் பக்கத்திலிருந்து வர வேண்டும் என்று வேதநாயகியின் மணிக்கட்டு தானாகத் திரும்பியது.

"என் கத்தியைக் கொடு."

"எதுக்கு?"

"நீயுமா கேக்கறே?"

"எதுக்கு, அக்கா?"

கரண்டி என்று சொல்லலாம். சீப்பு என்று சொல்லலாம். நாக்கு நுனியில் இரண்டும் வந்து நின்றன.

"வேணும்" என்றாள் வேதநாயகி.

தபித்தாள் பையைத் திறந்தாள். கத்தியை எடுத்துக் கொடுத்தாள். டியூப் துண்டைக் கொடுத்தாள். பிறகு இருவருக்கும் நடுவில் இரண்டு கட்டைகளை வைத்தாள். ஒன்று கருங்காலி. பாதி முகம் பாதி முகமாகவே இருந்தது.

"நீ இதைத் தொடவே இல்லையா?"

"தொடறேன்னு யார் சொன்னா?"

இன்னொன்று வெப்பாலை. பட்டைகூட உரிக்காதது.

வேதநாயகி இரண்டையும் பார்த்தாள். வெப்பாலையை எடுத்தாள்.

"அடியே, கல்யாணத்துக்கு நாள் கிட்ட வந்துடுச்சு" என்றாள் பரிமளம். "பொம்மை?"

வேதநாயகி பட்டையை உரித்தாள். கை விறைக்கவில்லை. கத்தி எங்கே போக வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. அது போன இடத்துக்குக் கட்டையைக் கொஞ்சம் திருப்பிக் கொடுத்தாள். உள்ளேயிருந்து ஒரு வளைவு வந்தது. கழுத்தாக இருக்கலாம். படகாகக்கூட இருக்கலாம். திருவள்ளூர் வந்ததும் கத்தியை மடக்கினாள். வண்டி கிளம்பியதும் விரித்தாள். ஒரு தடவை தனக்குள்ளேயே சிரித்துக்கொண்டாள்.

கடம்பத்தூருக்கு முன்னால் போன் அடித்தது. நாத்தனார்.

பரிமளத்தின் பூண்டு நின்றது. பீன்ஸும் நின்றது. வேதநாயகி போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள்.

"வேதா, பொம்மை முடிஞ்சதா?"

"இல்லைங்க அண்ணி. நான் செய்யல. கடையில நல்ல ஜோடியாப் பார்த்து வாங்கிடறோம். சீர்ல ஒரு குறையும் வராது. ராத்திரி அவர்கிட்டயும் நானே சொல்லிடறேன்."

அந்தப் பக்கம் குரல் இறங்கி வந்தது.

"ஏம்மா, கையில ஏதாவது பட்டுடுச்சா? அப்படின்னா சொல்லு. சம்பந்தி வீட்டுல நான் பக்குவமாச் சொல்லிக்கறேன்."

நல்ல வழி. நாத்தனாரே திறந்துவிட்ட வழி. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் யாருக்கும் மனஸ்தாபம் இல்லை. பரிமளம் 'ஆமான்னு சொல்லு, ஆமான்னு சொல்லு' என்று வாயசைத்தாள்.

வேதநாயகி குருவைப் பார்த்தாள். குரு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கைக்கு ஒண்ணும் இல்லைங்க அண்ணி. நல்லாத்தான் இருக்கு. இப்பக்கூட செதுக்கிக்கிட்டுதான் இருக்கேன்."

"பொம்மை இல்லைன்னா பின்ன என்னத்தைச் செதுக்கறே?"

வேதநாயகி கட்டையை வெளிச்சத்தின் பக்கம் திருப்பினாள்.

"அதைத்தான் நானும் பாத்துக்கிட்டிருக்கேன், அண்ணி."